ஒத்தக்கடைப் பக்கம் ஒரு முன்கள வீரரின் பயிற்சி வகுப்பு: மூன்று மாதம் பார்த்த பிறகு

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்பே மதுரையின் மின்கம்பங்களில் கோடைப் பயிற்சி வகுப்புகளின் தட்டிகள் ஏறிவிடும். நீச்சல், சிலம்பம், கராத்தே, கிரிக்கெட் என்று நீளும் அந்த வரிசையில் கால்பந்துக்குப் பெரும்பாலும் கடைசி இடம்தான். என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளி அணியில் முன்களத்தில் ஆடுகிறான். இந்த ஆண்டு அவனைச் சேர்ப்பதற்காக நான்கு இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை முழுதாகத் தெரிகிற ஒரு தனியார் மைதானத்தில் நடக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் கடைசியில் முடிந்த அந்த மூன்று மாதத்தைப் பற்றிய மதிப்புரை இது. நிறையோடு குறையையும் எழுதப்போவதால், வகுப்பின் பெயரையும் நடத்துபவரின் பெயரையும் இங்கே தரவில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் எதைக் கேட்டுச் சேர வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்குப் பெயர் இல்லாமலே இது பயன்படும்.

முதலில் கணக்கு வழக்குகளைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள், மாலை 5 மணி முதல் 6.30 வரை வகுப்பு. மாதக் கட்டணம் 1,500 ரூபாய். சட்டைக்கும் கால்சட்டைக்கும் தனியாக 700 ரூபாய். சேர்ந்தவர்கள் 32 பேர், அவர்களில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். மைதானம் முழு அளவு கொண்டதல்ல. ஒரு பக்கக் கோல் மட்டும் முறைப்படி 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ளது. எதிர்ப்பக்கம் இருப்பது அதில் பாதி அளவுள்ள இரும்புச் சட்டம். தரை செம்மண். புல் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் நம் மாவட்டத்துப் போட்டிகளில் பாதி இந்த மாதிரித் தரையில்தான் நடக்கின்றன என்பதால் இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடத்துபவர் பெரிய பெயர் எடுத்தவர் அல்லர். நான் பார்த்த மற்ற மூன்று இடங்களிலும் ‘முன்னாள் மாநில வீரர்’, ‘தேசிய அளவில் ஆடியவர்’ என்று தட்டியிலேயே போட்டிருந்தார்கள். இவருடைய தட்டியில் நேரமும் கைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. எங்கெங்கே ஆடினீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அண்ணே, நான் எங்கயும் நிலைச்சு ஆடல. பதினாறு சீசன்ல பதினோரு டீமு. ஆனா எந்த டீமுக்குப் போனாலும் மூணாவது மேட்ச்சுக்குள்ள ஒரு கோல் போட்ருவேன்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பணம் கட்டினேன்.

அவருடைய கதை இந்த வகுப்பின் பாடத்திட்டமாகவே இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரையில் கல்லூரியில் சேர்ந்து, மாவட்ட லீக்கில் ஆடி, பிறகு சென்னையில் ஒரு நிறுவன அணியில் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வெறும் ஊக்கத்தொகைக்கு இரண்டு ஆண்டு ஆடியிருக்கிறார். வேலை வரவில்லை. அதன்பின் கொல்கத்தாவில் கீழ்ப் பிரிவு அணிகள், கோவாவில் ஒரு பருவம், கடைசி ஐந்து குளிர்காலங்கள் மலப்புறம் மாவட்டத்தில் எழுவர் ஆட்டம் என்று அலைந்து, முழங்கால் ஜவ்வு கிழிந்த 33-ஆவது வயதில் ஊர் திரும்பினார். இப்போது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் வைத்திருக்கிறார். பயிற்சியாளருக்கான ஏணியில் அது கீழ்ப்படிதான் என்றாலும், நான் கேட்டவுடன் சான்றிதழை எடுத்துக் காட்டியது இவர் ஒருவரே.

அணி மாறி அணி மாறி ஆடுவது திறமைக் குறைவின் அடையாளம் என்று நானும் நினைத்திருந்தேன். முன்கள வீரர் விஷயத்தில் அது அப்படியில்லை. தடுப்பாட்டக்காரர் நான்கு ஆட்டங்களில் சுமாராக ஆடினாலும் அது பலர் கண்ணில் படாது. முன்கள வீரர் நான்கு ஆட்டங்களில் கோல் போடவில்லை என்றால் டீக்கடையில் இருப்பவருக்கும் அது தெரியும். பருவத்தின் நடுவில் கோல் வராமல் தவிக்கும் அணி முதலில் தேடுவது முன்கள வீரரைத்தான். பருவம் முடிந்ததும் முதலில் கணக்குத் தீர்த்து அனுப்புவதும் அவரையே. இதை மாஸ்டர் (பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வாயால் விளக்குவதில்லை. மைதான ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஓர் உலக வரைபடத்தை அட்டையில் ஒட்டி மாட்டியிருக்கிறார். அதில் குண்டூசிகள் குத்தி, சிவப்பு நூலால் ஒருவருடைய பயணத்தைக் கட்டியிருக்கிறார். அந்த ஒருவர் பார்த்தலோமியு ஒக்பெச்சே.

இந்தியன் சூப்பர் லீக் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. நூல் நைஜீரியாவில் தொடங்குகிறது. பதினேழு வயதில் 2002 உலகக் கோப்பையில் ஆடியவர் அவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணியில் தொழில்முறை வாழ்வைத் தொடங்கி, பிரான்சிலேயே வேறு அணிகளுக்கு இரவலாகப் போய், ஐக்கிய அரபு அமீரகம், ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, மறுபடியும் ஸ்பெயின், நெதர்லாந்து என்று சுற்றி, 2018-இல் குவாஹாட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெறும் வயதில் வருகிறார் என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு 12 கோல், அடுத்த பருவம் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 15, அதற்கடுத்து மும்பை சிட்டி அணிக்கு 8, பிறகு ஹைதராபாத் அணிக்கு 2021–22-இல் 18, அதற்கு மறு பருவம் 10. ஐந்து பருவத்தில் நான்கு அணிகளுக்காக 63 கோல். பின்னர் சுனில் சேத்ரி கடந்து செல்லும்வரை அந்த லீக்கில் அதுவே அதிக எண்ணிக்கையாக இருந்தது. மும்பையோடு ஒரு முறையும் ஹைதராபாத்தோடு ஒரு முறையும் கோப்பையும் வென்றார்.

நூலின் கடைசி நான்கு குண்டூசிகளைக் காட்டி மாஸ்டர் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குவாஹாட்டியில் பந்து கொடுத்தவர்கள் வேறு, கொச்சியில் கொடுத்தவர்கள் வேறு, மும்பையில் வேறு, ஹைதராபாத்தில் வேறு. பிறகு எப்படி ஒவ்வொரு முறையும் கோல் வந்தது? பிள்ளைகள் வேகம் என்றார்கள், உயரம் என்றார்கள். அவர் பதில் சொல்லாமல் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்துவிட்டார். மூன்று மாதமும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு மே மாதத்தில்தான் உறைத்தது.

வகுப்பில் சேரும் ஒவ்வொருவரும் பந்து வாங்க வேண்டாம், ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வர வேண்டும். மாஸ்டரிடமும் அப்படிப்பட்ட நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன, அணிக்கு ஒன்று. பழுப்பு அட்டை போட்ட ஒன்றை எனக்குப் புரட்டிக் காட்டினார். புது அணிக்குப் போன முதல் வாரத்தில், கூட ஆடுகிற ஒவ்வொருவரும் எந்தக் காலால் பந்தைக் கொடுக்கிறார், கொடுப்பதற்கு முன் எத்தனை முறை தொடுகிறார், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாரா, பார்க்காமலே கொடுக்கிறாரா, களைத்தால் பந்தை உயரத் தூக்குகிறாரா என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பேருக்கு நேராக ‘கேட்டால் தரமாட்டார், ஓடினால் தருவார்’ என்று இருந்தது. என் மகனின் நோட்டிலும் ஏப்ரல் கடைசியில் இப்படிக் குறிப்புகள் சேரத் தொடங்கின: ‘7-ஆம் எண்: இடது கால் மட்டும். மூன்று தொடுதல். கோட்டுக்கு வந்துதான் கொடுப்பான், அதுவரை ஓடாதே.’ பள்ளிக்கூட நோட்டில் அவன் இவ்வளவு ஒழுங்காக எழுதி நான் பார்த்ததில்லை.

மைதானத்தில் நடந்ததில் ஒரு பயிற்சியை மட்டும் கிட்டத்தில் நின்று பார்த்தபடி சொல்கிறேன். கோலுக்கு முன்னால் 11 மீட்டரில் பெனால்டிப் புள்ளி; அதற்குச் சற்றுப் பின்னால் பையன் நிற்கிறான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் ஒரு தடுப்பாட்டக்காரன். பக்கவாட்டிலிருந்து ஒருவன் பந்தைக் கொண்டுவந்து உள்ளே போட வேண்டும். எல்லாப் பையன்களையும் போல என் மகனும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தம்பி, பந்தப் பாக்காத. பந்து எங்கயும் போகாது. குடுக்கிறவன் இடுப்பப் பாரு” என்றார் மாஸ்டர். பந்தைப் போடப்போகிறவனின் இடுப்பு உள்பக்கமாகத் திரும்புகிற அந்த நொடியில், தடுப்பாட்டக்காரனின் முதுகுப் பக்கமிருந்து இரண்டு எட்டு விலகி, பிறகு அவனுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு, பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பத்தை நோக்கி ஓட வேண்டும். இருபது பந்து. அவர் கோல் எத்தனை என்று எண்ணவே இல்லை. பந்து வந்து சேர்ந்த இடத்தில் பையன் இருந்தானா என்பதை மட்டும் விரல் மடக்கி எண்ணினார். முதல் நாள் இருபதில் நான்கு. ஜூன் இரண்டாம் வாரத்தில் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றில் ஏழெட்டு வெளியே போயிருக்கும், அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்ச் சேர்வதைக் கற்பிக்கலாம், உதைப்பது தானாகச் சரியாகும் என்பது அவர் கட்சி. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உதைப்பதற்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

பந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதிப்படி பெரியவர்களின் பந்து 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும் 410 முதல் 450 கிராம் எடையும் இருக்க வேண்டும். இங்கே ஒரே பயிற்சிக்குப் புதுப் பந்து ஒன்று, தோல் உரிந்து கனத்துப்போன பந்து ஒன்று, காற்றைக் குறைத்து வைத்த பந்து ஒன்று என்று மாற்றி மாற்றி உருட்டுகிறார்கள். சிக்கனம் என்று நினைத்து முதல் வாரத்தில் நான் முகம் சுளித்தேன். ஊர் ஊராக ஆடப்போகிறவனுக்கு எந்த ஊரில் என்ன பந்து கிடைக்கும் என்பது தெரியாது என்றார். அதில் உண்மையும் இருக்கிறது, சிக்கனமும் இருக்கிறது.

அதிகம் சண்டை வந்தது அணி பிரிப்பதில்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா அணிகளையும் கலைத்துவிடுகிறார். பையன்கள் ஒருவருக்கொருவர் பழகி, நன்றாக ஆடத் தொடங்குகிற சமயத்தில் சட்டையின் நிறம் மாறிவிடும். என் மகன் இரண்டு முறை கோபித்துக்கொண்டு வகுப்புக்குப் போகவில்லை. நானும் போய்க் கேட்டேன். முன்களத்தில் ஆடுகிறவன் தன்னைச் சுற்றியுள்ள பத்துப் பேரை நம்பித்தான் பிழைக்க வேண்டும், அந்தப் பத்துப் பேர் அடிக்கடி மாறுவார்கள், அதற்கு இப்போதே பழகட்டும் என்றார். சென்னையின் எஃப்சி ரசிகனான எனக்கு நெரியுஸ் வால்ஸ்கிஸ் நினைவுக்கு வந்தார். லித்துவேனியாவிலிருந்து வந்த அவர் 2019–20 பருவத்தில் நம் அணிக்கு 15 கோல் அடித்து, அதிகக் கோல் அடிப்பவருக்கான தங்கக் காலணியும் வாங்கி, இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். அடுத்த பருவமே ஜம்ஷெட்பூர் சட்டையில் நின்றார். அப்போது அவர்மேல் எனக்கு இருந்த மனக்கசப்பை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அண்ணே, அவரு ஒரு வருசக் கூலிக்காரரு. நானும் அப்படித்தான் இருந்தேன்” என்றார். பதினைந்து வயதுக்காரனுக்கு இந்த வாதம் பொருந்தலாம். ஆனால் அதே கலைப்பை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடமும் செய்வது தவறு. அந்த வயதில் கூட்டாளிகளுக்காகத்தான் பிள்ளைகள் மைதானத்துக்கே வருகிறார்கள். அவர்களில் ஆறு பேர் மே மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை வகுப்பின் கடைசி அரை மணி நேரம் பெற்றோரும் உட்காரலாம். இந்தக் கட்டணத்துக்கு இது ஒன்றே போதும் என்று சொல்வேன். கால்பந்தை நம்பிப் பிழைப்பது எப்படி இருக்கும் என்பதை வேறு எந்த வகுப்பிலும் இவ்வளவு நேராகப் பேசிக் கேட்டதில்லை. ஃபிஃபா விதிப்படி ஒருவர் ஒரு பருவத்தில் மூன்று அணிகள் வரை பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் பொதுவாக இரண்டு அணிகளுக்கே அதிகாரபூர்வ ஆட்டங்களில் இறங்க முடியும் என்ற செய்தி எனக்குப் புதிது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டு ஒரு பருவத்தில் பாதியை வெளியே உட்கார்ந்தே கழித்ததாக அவர் சொன்னபோது கொட்டகையில் சத்தமே இல்லை. மலப்புறத்து எழுவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசினார்: அறுவடை முடிந்த வயல்களில் மூங்கிலும் பலகையும் கொண்டு எழுப்பிய தற்காலிகக் காலரிகள், இரவு விளக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடும் முன்கள வீரர்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் வாங்கும் காசு. கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம் அது; அடிபட்டால் மருத்துவச் செலவு நம்முடையது. தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமைப் பேச்சில் வெளிநாட்டு முன்கள வீரர்கள் இருவரின் கதையும் அடிக்கடி வரும். ஒருவர் உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு. அதிக அணிகளுக்கு ஆடிய தொழில்முறை வீரர் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றவர். 2017-இல் சிலி நாட்டு ஆடாக்ஸ் இத்தாலியானோ அவருக்கு 26-ஆவது அணி. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை அவர் மெல்லத் தூக்கிப் போட்டதைக் கைபேசியில் பார்த்த பையன்கள், மறுநாள் முழுக்க அதையே செய்து பந்துகளைக் கோல்கீப்பர் கையில் கொடுத்தார்கள். இன்னொருவர் இங்கிலாந்தின் ரிக்கி லம்பெர்ட். லிவர்பூல் அணி பதினைந்து வயதில் வேண்டாம் என்று அனுப்பிய பையன், பின்னர் வேறோர் அணியும் கைவிட்டபோது பீட்ரூட் ஆலையில் புட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். கீழ்ப் பிரிவு அணிகள் பலவற்றில் ஆடி ஏறி வந்து, 31-ஆவது வயதில், 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் முறையாக இங்கிலாந்துச் சட்டையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முதல் தொடுதலிலேயே தலையால் கோல் போட்டார். இந்தக் கதையைக் கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், “அப்ப அந்த முப்பத்தோரு வயசு வரைக்கும் வீட்ல யாரு சம்பாரிச்சாங்க?” என்று கேட்டார். மாஸ்டரிடம் அதற்குப் பதில் இருந்தது: தன் வீட்டில் தன் மனைவி தையல் இயந்திரம் வைத்துச் சம்பாதித்தார் என்றார். படிப்பை விடாதே, விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் ரயில்வே, காவல்துறை வேலைகளுக்கான சான்றிதழ்களைப் பத்திரமாக வை என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

இனிக் குறைகள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பஞ்சும், காலாவதியான வலிநீக்கி ஸ்பிரே ஒன்றும்தான் இருந்தன. சொன்ன பிறகு புதிது வாங்கினார், ஆனால் முப்பது பிள்ளைகள் ஓடும் இடத்தில் அதைப் பெற்றோர் சொல்லித்தான் வாங்க வேண்டுமா? பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடமில்லை. கொட்டகைக்குத் திரை கட்டித் தருவதாகச் சொன்னது ஜூன் வரை நடக்கவில்லை. கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சி என்பதே கிடையாது. மற்றவர்கள் உதைப்பதை வாங்கிக்கொள்வதுதான் அவர்களுக்குப் பயிற்சி. தடுப்பாட்டத்தில் ஆர்வமுள்ள பையனுக்கும் இங்கே பெரிதாகக் கிடைக்காது. அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் முழுவதும் வகுப்பு இல்லை, அது நியாயம். ஆனால் மே மாதக் கோடை மழையில் போன நான்கு நாளுக்கு ஈடு வகுப்பும் இல்லை, கட்டணக் கழிவும் இல்லை. பணம் வாங்கியதற்கு ரசீது கொடுக்கும் பழக்கம் இல்லாததால் ஜூன் மாதக் கட்டணத்தை நான் இரண்டு முறை கட்டிவிட்டு, பிறகு கைபேசிப் பரிவர்த்தனையைக் காட்டித் திரும்ப வாங்கினேன். சட்டையின் எண் நான்காவது துவைப்பில் உரிந்துவிட்டது.

பதினான்கு வயதுக்கு மேல், முன்களத்தில் ஆடுகிற பிள்ளை, ஏற்கெனவே ஓரளவு பந்தை அடக்கத் தெரிந்தவன் என்றால் தயங்காமல் சேர்க்கலாம். அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டிய சின்னப் பிள்ளைகளுக்கு இது இடமில்லை. சேர்க்கிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்; குடிநீர்த் தொட்டி வெயிலில் இருக்கிறது. செம்மண் தரைக்கு நீளமான முள் வைத்த பூட்ஸ் வேண்டாம், குட்டையான ரப்பர் முள் போதும்.

ஜூன் கடைசி வாரத்தில் அவனியாபுரம் பக்கத்துப் பையன்கள் அணி ஒன்றுக்கு ஆள் குறைந்து, என் மகனை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அணியில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்; கையில் நோட்டு இல்லை. கோல் எதுவும் போடவில்லை, இரண்டு முறை பக்கத்துக் கம்பத்தில் சரியான நேரத்துக்குப் போய் நின்றான், ஒரு முறை பந்து முழங்காலில் பட்டு வெளியே போனது. அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். இந்த முறை ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.